முதுகிலும் படி வெட்டிய ஏணி

கைவாய்ச்சி விழுந்த இடத்தில் மரம், தோல் சீவிய கிழங்கு மாதிரி வெளுத்துத் தெரிந்தது. வலது கை ஓங்கி இறக்கும். இடது கை உடனே சிராயைத் தள்ளிவிட்டு வெட்டுவாயைத் தடவிப் பார்க்கும். தடவுகிற கையின் கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கிபாராக் காய்ச் சாற்றால் போட்ட கறுப்புக் கோடுகள் பழசாகி நீலம் பாரித்திருந்தன. வேர்வை அவற்றின் மேல் வழிந்தது, கோடு கலையவில்லை. கைகள் அவசரப்படவில்லை. ஒரு படியை வெட்டி, தடவி, போதாதென்று இன்னும் ஒரு சீவு சீவி, மறுபடி தடவி, அதற்குப் பிறகுதான் அடுத்த படிக்கு நகர்ந்தன.

வீட்டுக்கு அடியில், தூண்களுக்கு நடுவே நிழலில் வேலை நடந்தது. மேல்தளத்தின் விளிம்பிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“மச்சான், முன்பக்கம்தான் படி வெட்டி முடிச்சாச்சே. பின்னாலயும் எதுக்கு வெட்டறே? உங்க ஆத்தங்கரையில ஜனங்க முதுகாலயா ஏறுவாங்க?”

“உங்க ஆத்தங்கரையில ஜனங்க வேலை முடியறவரைக்கும் வாயை மூடிகிட்டு இருப்பாங்கன்னு சொன்னாங்க. அதை நம்பித்தான் பொண்ணு எடுத்தேன்.”

“நீ எங்க பொண்ணு எடுத்தே? எங்க அக்காதான் உன்னை எடுத்துகிட்டு வந்தா.”

தலை சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டது. அது எலாதியோ. கீழே வெட்டிக்கொண்டிருந்தவன் அவனுடைய அக்காள் புருஷன் லிசார்தோ இஸ்மாரே. அவன் பதில் பேசியது எம்பெரா மொழியில்தான். ஆனால் இத்தனை வருஷம் ஆகியும், வாயில் சுடு வாழைக்காயைப் போட்டுக்கொண்டு பேசுவது போலத்தான் அது வெளியே வரும். லிசார்தோ வௌனான் ஆள். வௌனான்களுக்கும் எம்பெராக்களுக்கும் வீடு ஒன்று, ஓடம் ஒன்று, உடம்பில் எழுதும் சாறு ஒன்று. காடும் ஆறும் கேட்டு அரசாங்கத்தின் முன்னால் உட்காரும்போது பாயும் ஒன்றுதான். பேச்சு மட்டும் ஒட்டாது. ஒட்டாத அந்தப் பேச்சை வைத்து ஒருவரை ஒருவர் சீண்டுவதில் இரண்டு பேருக்கும் தனி ருசி.

எலாதியோ கேட்ட கேள்வி நியாயமானதுதான். சம்பூ ஆற்றங்கரையில் எந்த வீட்டு ஏணிக்கும் பின்பக்கம் படி கிடையாது. இருக்கவும் கூடாது. ஏணி என்பது ஒரே மரம்; ஒரு பக்கம் படி, மறு பக்கம் மொழுக்கென்று உருண்டை. படி வெளியே தெரிந்தால் வீடு திறந்திருக்கிறது, ஏறி வரலாம். மரத்தைத் திருப்பிப் படியை உள்பக்கம் விட்டிருந்தால் வீடு மூடியிருக்கிறது. நாய் ஏறாது, காட்டிலிருந்து வருகிற எதுவும் ஏறாது, மனிதனும் ஏறமாட்டான். மனிதன் கீழே நின்று கூப்பிடக்கூட மாட்டான். கதவும் இல்லாமல் சுவரும் இல்லாமல் இந்த ஜனங்கள் வாழ்வது இந்த ஒரு மரியாதையை நம்பித்தான். திருப்பிப் போட்ட ஏணியைப் பார்த்த பிறகு கூப்பிடுகிறவனை யாரும் நல்லபடியாக வளர்க்கவில்லை என்று அர்த்தம்.

அந்த மரியாதைதான் போன மழைக்காலத்தில் ஓர் உயிரை வாங்கப் பார்த்தது.

ஆற்றின் வளைவில் தனியாக இருப்பது அல்பினாவின் வீடு. மேலிருந்து கீழ்வரை இந்தக் கரையில் இன்றைக்கு ஓடம் தள்ளுகிறவர்களில் பாதிப் பேரை முதலில் கையில் வாங்கியவள் அவள்தான். அவளுடைய அம்மா மலைப்பக்கத்துக் காத்தியோ ஜனம். குழந்தை குறுக்கே கிடந்தால் வெளியிலிருந்தே தடவித் திருப்பும் கை அந்த வழியில் வந்தது என்பார்கள். அன்று மத்தியானம் அவளுக்குக் கடும் ஜுரம். ஏணியைத் திருப்பிவிட்டுப் பாயில் சுருண்டு கிடந்தாள். கொட்டுகிற மழையில் மேல் ஆற்றிலிருந்து ஒருவன் வலி கண்ட மனைவியை ஓடத்தில் வைத்துக் கழி ஊன்றி வந்தான். வந்து பார்த்தால் ஏணி திரும்பியிருக்கிறது. கொஞ்ச நேரம் மழையில் நின்றான். பிறகு ஓடத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அல்பினாவுக்குக் கழியின் சத்தம் காதில் விழுந்தது. யாரோ கடந்து போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

குழந்தை மணல்திட்டில், ஓடத்துக்குள்ளேயே பிறந்தது. பிழைத்துக்கொண்டது. தாய்க்கு ரத்தம் நிற்காமல் போய், எழுந்து உட்கார வெகுநாளாயிற்று. ஓடத்தைத் திருப்பிய அந்தப் புருஷனை யாரும் குறை சொல்லவில்லை. அல்பினாவையும் சொல்லவில்லை. அவளேதான் தன்னைச் சொல்லிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஏணியைத் திருப்புவதே இல்லை. பகலில் ஊர் முழுக்க ஏறி வந்து உட்கார்ந்து கதை பேசியது. இருட்டினால் நாய்கள் ஏறின. எலாதியோவின் நாய் கப்பித்தான், அடுப்புக்கு மேல் புகை போட்டிருந்த மீனையெல்லாம் தின்றுவிட்டு அவள் பாயிலேயே படுத்துத் தூங்கியது. கண்ணை மூடினால் எது ஏறி வருமோ என்று அவளால் தூங்க முடியவில்லை.

“ஏணியைத் திருப்பினா மனசு வலிக்குது, திருப்பாட்டா முதுகு வலிக்குது” என்றாள் ஒருநாள், வாழைக்காய் வாங்க வந்த இடத்தில். “யரீசா கூப்பிட்டுகிட்டே இருக்கா. முகத்துவாரத்துல அவ வீட்டுக்குத் தகரக் கூரை, பூட்டுப் போட்ட கதவு எல்லாம் இருக்கு. அடுத்த நடை படகு வரும்போது கிளம்பிடறேன்.”

யரீசா அவளுடைய மகள். அதைக் கேட்டுக்கொண்டு வாழைக்காய் எடுத்துக் கொடுத்தவள் லிசார்தோவின் மனைவி ஒதிலா. அவளுக்கு நிறைமாதம். கொடுத்த கை அப்படியே வயிற்றின் மேல் போய் நின்றதை லிசார்தோ பார்த்தான். அவர்களுடைய மூத்தவள் காலை முன்னால் நீட்டிப் பிறந்தவள். அல்பினா இல்லாவிட்டால் அன்றைக்கு இரண்டு பேருமே இல்லை.

அன்று சாயங்காலமே லிசார்தோ மரம் பார்க்கப் போனான்.

ஏணி அவனுக்குப் புது வேலை இல்லை. அவன் இந்த ஊரில் நிலைத்ததே ஒரு ஏணியால்தான் என்று சொல்லலாம். இளவயதில், ஆற்றங்கரை ஊர்களெல்லாம் கூடிப் பேசுகிற கூட்டத்துக்கு அவன் ஊர்க்காரர்களோடு வந்தான். வந்த இடத்தில் ஒதிலா சோளக் கள் ஊற்றினாள். குடுவையை நீட்டிவிட்டு ஏதோ கேட்டாள். அவனுக்குப் புரியவில்லை, ஆமாம் என்று தலையாட்டினான். இன்னொரு குடுவை வந்தது. கூட்டம் கலைந்து எல்லோரும் ஓடம் ஏறியபோது அவன் ஏறவில்லை. மாமனார் வீட்டில் சேர்ந்த புதிதில் வாய் திறந்தாலே சிரிப்பார்கள். அதனால் அவன் வாயைத் திறக்காமல், இற்றுப்போயிருந்த அவர்கள் வீட்டு ஏணிக்குப் பதிலாகப் புதிதாக ஒன்று வெட்டிச் சாத்தினான். மாமனார் ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்து அவரையும் ஏறி இறங்கச் சொன்னார்.

பிறகு ஊரில் முக்கால்வாசி ஏணி அவன் கை பட்டதுதான். முகத்தைப் பார்க்காமல், ஏறுகிற சத்தத்தை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவான். எலாதியோவுக்குக் குதிகால் அகலம். அவன் வீட்டுப் படி அகலம். கால் சாய்த்து நடக்கிற பள்ளிக்கூடத்துச் சமையல்காரிக்கு இடப்பக்கம் கூடுதல் ஆழம். ஒருவர் வீட்டு ஏணியை இன்னொருவர் வீட்டில் சாத்தினால் ஏறலாம், ஆனால் கால் தேடும் என்பான். எம்பெராக்காரன் வெட்டினால் ஏணி நிற்கும், வௌனான் வெட்டினால் ஏணி கூப்பிடும் என்றும் சொல்வான். அதற்காகவே எலாதியோ அவன் வெட்டிய ஒவ்வொரு ஏணியிலும் குறை தேடுவான்.

இந்தத் தடவை தேட வேண்டியிருக்கவில்லை.

லிசார்தோவின் கணக்கு இதுதான்: ஏணிக்கு முன்பக்கம் எப்போதும் போலப் படி. பின்பக்கத்தில் சின்னதாக, விரல்கள் மட்டும் ஊன்றுகிற அளவுக்குப் படி. அல்பினா ஏணியைத் திருப்பிப் போட்டால் ஊருக்கு வீடு மூடியிருக்கும். ஆனால் வலி கண்டு வருகிறவள் அந்தச் சின்னப் படிகளில் ஏறலாம். கூப்பிட வேண்டியதில்லை, மரியாதை கெடாது. அந்த ஏணியே ‘நீ வா’ என்று சொல்லும்.

வெட்டி முடித்ததைத் தூணில் சாத்தினார்கள். எலாதியோதான் முதலில் ஏற வேண்டும் என்று அவனே சொல்லிக்கொண்டு வந்தான். ஊரிலேயே கனமான ஆள் என்பதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமை. பின்பக்கமாக ஏறினான். நடுவுக்குப் போனதும் மரம் இருமுவது போல ஒரு சத்தம் போட்டது. அடுத்த நொடி எலாதியோ சிராய்க் குவியலில் மல்லாந்து கிடந்தான். அவன் நெஞ்சின் மேல் பாதி ஏணி.

முன்படிக்கு நேர் பின்னாலேயே பின்படியையும் வெட்டியதில், அந்த இடத்தில் மரம் இடுப்பு ஒடுங்கிப் போயிருந்தது.

“கூப்பிடுதுடா உன் ஏணி, நல்லாக் கூப்பிடுது” என்றான் எலாதியோ, படுத்தபடியே. “என்னைப் பூமிக்குள்ளயே கூப்பிட்டுடுச்சு.”

வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். லிசார்தோ சிரிக்கவில்லை. மரம் ஒடிந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கென்று, யரீசாவின் படகு கீழ் ஊரில் நிற்கிறது, இரண்டொரு நாளில் வந்துவிடும் என்று சேதி வந்திருந்தது.

மற்றவர்கள் கலைந்ததும் ஒதிலா மெதுவாக அவன் பக்கத்தில் வந்தாள்.

“ஒடிஞ்சது நல்லதாப் போச்சு” என்றாள்.

“நீயுமா?”

“ஒடியாம இருந்திருந்தா அதை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருப்பே. நடு மரத்துல நேரா படி வெட்டியிருக்கியே, அதுல நான் எப்படி ஏறுவேன்? கால் ரெண்டும் மரத்துமேல. வயித்தை எங்க வைக்கறது, உன் தலையிலயா?”

“வயிறு கொஞ்சம் தள்ளித்தானே இருக்கும்?”

ஒதிலா அவனை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்த் தோட்டத்துப் பூசணிக்காய்களில் பெரிதாக ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தாள். தன் பூப்போட்ட இடுப்புத் துணி ஒன்றை எடுத்து அந்தக் காயை அவன் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

“இப்ப நம்ம வீட்டு ஏணியில ஏறு. வலியோட ஏறு.”

“வலிக்கு எங்க போறது?”

“ஏறு, வரும்.”

அவன் ஏறினான். இரண்டாம் படியிலேயே பூசணிக்காய் மரத்தில் முட்டி அவனைப் பின்னால் தள்ளியது. முழங்காலைத் தூக்கினால் காய் இடித்தது. காயை ஒதுக்கினால் கை விட்டுப்போயிற்று. கலைந்து போனவர்கள் எல்லாம் திரும்பி வந்துவிட்டார்கள். “முக்கு மச்சான், முக்கு!” என்று எலாதியோ இடுப்பைப் பிடித்துக்கொண்டே கத்தினான். சமையல்காரி, குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டாள். லிசார்தோ எதையும் காதில் வாங்கவில்லை. மூன்றாம் படியில் நின்றபடியே முழங்கால்களை அகட்டிப் பார்த்தான். மரத்தின் பக்கவாட்டில் தோள் மாதிரி வளைந்த இரண்டு இடத்திலும் பாதத்தை ஒட்டவைத்துப் பார்த்தான். அகட்டியபோது காய் நடுவே தொங்கியது, இடிக்கவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் தொங்கிக்கொண்டிருந்தான்.

“இறங்குய்யா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள் ஒதிலா.

“பாக்கட்டும்” என்றான். அவன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

தானும் ஒதிலாவும் கட்டப்போகிற புது வீட்டுக்கென்று ஒரு மரம் வைத்திருந்தான். தேய்பிறையில் வெட்டி, தோல் சீவி, நிழலிலேயே காயவைத்த வைரம் பாய்ந்த மரம். தட்டினால் மணி மாதிரி கேட்கும். அதை உருட்டி வெளியே எடுத்தான். முன்பக்கம் வழக்கமான படிகளை வெட்டிவிட்டு, மரத்தைப் புரட்டி ஒதிலாவைக் கூப்பிட்டான். அவள் தூணைப் பிடித்துக்கொண்டு, கால் எவ்வளவு தூரம் தானாக எழும்புகிறதோ அவ்வளவு மட்டும் தூக்கினாள். அவள் பாதம் பட்ட இடத்தில் அவன் கரியால் கோடு போட்டான். இடது கால், இடது தோள். வலது கால், வலது தோள்.

“ரொம்பக் கிட்டக்கிட்ட வருதே” என்றான்.

“வலி வந்தா இன்னும் கிட்ட வரும். கொஞ்சம் குறைச்சே போடு.”

குறைத்தே போட்டான். பின்படிகள் மரத்தின் நடுவைத் தொடவே இல்லை. இரு தோளிலும் மாறி மாறி, உள்ளங்கையைக் குழித்தது போலச் சின்னக் குழிகள். நடு வைரம் மேலிருந்து கீழ்வரை வெட்டுப்படாமல் முதுகெலும்பு மாதிரி ஓடியது. ஒவ்வொரு குழியின் உதட்டையும் மட்டும் கொஞ்சம் நிமிர்த்தி விட்டான், நனைந்த விரல் வழுக்காதபடி. மழையில்தானே வருவார்கள். வெளிச்சம் போகும்வரை வெட்டினான். விடிந்ததும் ஆற்று மணலைப் போட்டுத் தேய்த்து, அடிப்பாகத்தை நெருப்பில் கருக்கினான்.

சாத்தினான். எலாதியோ இந்தத் தடவை தானாக முன்வரவில்லை.

“என்ன மச்சான், கனம் குறைஞ்சு போச்சா?”

“இடுப்பு குறைஞ்சு போச்சு” என்று முனகிக்கொண்டே பின்பக்கமாக ஏறினான். மரம் வாய் திறக்கவில்லை. நடுவில் நின்று குதித்துப் பார்த்தான். அப்போதும் திறக்கவில்லை. குறை சொல்ல எதையாவது தேடினான், அகப்படவில்லை. இறங்கி வந்து, “நாய்?” என்றான் கடைசியாக.

மேலே ஒரு புகைமீனைத் தொங்கவிட்டுக் கப்பித்தானை அவிழ்த்துவிட்டார்கள். அது ஏணியைக் கண்டதும் பழகிய வீடு மாதிரி பாய்ந்தது. முன்கால் ஒன்று இந்தத் தோளில், இன்னொன்று அந்தத் தோளில். பின்கால் வைக்க இடமில்லை. உருண்டை மரத்தில் சறுக்கி விழுந்தது. மறுபடி பாய்ந்தது, மறுபடி விழுந்தது. பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டு, மரம் தன்னை ஏமாற்றிவிட்டது போல அதைப் பார்த்துக் குரைத்தது.

கடைசியாக ஒதிலா ஏறினாள். இரண்டு கையாலும் மரத்தைக் கட்டிக்கொண்டு, முழங்கால் அகட்டி, ஒவ்வொரு குழியாகப் போனாள். கால் எங்கும் தேடவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். புருஷனைப் பார்த்துத் தலையை மட்டும் ஒரு தடவை ஆட்டினாள். மாமனார் வெறுமனே ஏறி இறங்கியது நினைவுக்கு வந்தது லிசார்தோவுக்கு. இந்தக் குடும்பத்தில் பாராட்டுக்குச் சத்தம் கிடையாது.

அதற்குள் ஆற்றில் மோட்டார் சத்தம் கேட்டது. யரீசாவின் படகு.

ஏணியை ஓடத்தில் நீளவாட்டில் வைத்து, முன்னால் எலாதியோ கழி ஊன்ற, பின்னால் லிசார்தோ ஊன்ற, நடுவில் ஒதிலா உட்கார்ந்து போனாள். அவர்கள் வளைவுக்குப் போனபோது அல்பினாவின் கூடைகளும் பாயும் பெரிய பானையும் படகில் ஏறியாகிவிட்டன. அல்பினா மேல்தளத்தின் விளிம்பில், ஒரு மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுமையான தன் வீட்டைப் பார்த்தபடி நின்றாள். யரீசா கீழே அவசரப்படுத்திக்கொண்டிருந்தாள்.

எலாதியோ பழைய ஏணியை எடுத்துத் தரையில் கிடத்தினான். அல்பினாவுக்கும் கரைக்கும் நடுவில் இப்போது ஒன்றும் இல்லை.

“ஏன்டா, நான் எப்படி இறங்கறது?” என்றாள்.

லிசார்தோ புது ஏணியைத் தோளிலிருந்து இறக்கி நிமிர்த்திப் பிடித்தான், சாத்தவில்லை. அல்பினா மேலிருந்தே முன்படிகளைக் கண்ணால் அளந்தாள்.

“நல்ல மரம். மாப்பிள்ளை, இது யாருக்கு? நான்தான் போறேனே.”

அவன் ஏணியைத் திருப்பினான்.

அவள் முதலில் முகம் சுளித்தாள். பிறகு குனிந்தாள். பிறகு முழங்காலிட்டு உட்கார்ந்து, கைக்கு எட்டிய மேல்குழிகளில் விரலை விட்டுப் பார்த்தாள். இந்தத் தோளில் ஒன்று, அந்தத் தோளில் ஒன்று. இரண்டு குழிகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைச் சாணால் அளந்தாள். எத்தனையோ பெண்களின் கால் எவ்வளவு எழும்பும், எப்போது எழும்பாது என்று தெரிந்த கை அது. அவள் கண் ஏணியை விட்டு ஒதிலாவின் பாதத்துக்குப் போயிற்று.

“இது இவ காலுக்கு அளந்ததா?”

“ஆமா அத்தை” என்றாள் ஒதிலா.

“வயித்துக்கும் இடம் விட்டிருக்கே. இதை இவனுக்கு யாரு சொன்னது?”

“ஒரு பூசணிக்காய்” என்றான் எலாதியோ. “அவனுக்குப் பிரசவம் ஆச்சு. நாங்க எல்லாம் பக்கத்துல இருந்தோம்.”

அல்பினா சிரிக்கவில்லை. லிசார்தோவையே பார்த்தாள். அவன் சுடு வாழைக்காயை ஒதுக்கிக்கொண்டு, வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொன்னான்.

“திருப்பிப் போட்டுட்டுத் தூங்குங்க அத்தை. ஊருக்கு மூடினது மூடினதுதான். நாய்க்கும் மூடினதுதான். வலியோட வர்றவளுக்கு மட்டும் மூடாது. மேல் ஆத்துக்கும் சொல்லி அனுப்பிட்டேன், வௌனான் ஊருக்கும் சொல்லிட்டேன்.”

ஆற்றில் படகின் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அல்பினா இன்னொரு முறை குழியில் விரலை வைத்து, அதன் நிமிர்ந்த உதட்டைத் தடவினாள்.

“மழைக்கா இது?”

“மழைக்குத்தான்.”

அவள் நிமிர்ந்தாள். “யரீசா, மோட்டாரை நிறுத்து. அந்தப் பெரிய பானையை இறக்கு.”

“அம்மா! இப்பத்தானே கட்டி வச்சேன்!”

“கட்டினதை அவிழ்க்கத் தெரியாதா? இவ இன்னைக்கோ நாளைக்கோ நிக்கறா. வெந்நீர் எதுல வைக்கறது, உன் தகரக் கூரையிலயா?”

யரீசா ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மோட்டாரை அணைத்தாள். ஆறு அமைதியாயிற்று. அல்பினா பக்கத்திலிருந்த மூட்டையைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு, முழங்காலிட்டபடியே இரண்டு கைகளையும் கீழே நீட்டினாள். லிசார்தோ ஏணியைத் தூக்கி அதன் தலையை அந்தக் கைகளில் வைத்தான். அவள் பிடித்துக்கொண்டது தெரிந்ததும் தன் கையை விட்டான்.